சூரியக் காற்று, காந்தமண்டலம், திருகோணமலைக் கடலில் தடுமாறும் ஜிபிஎஸ்

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கொட்பே துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் எங்கள் மாமாவின் படகில், பங்குனி மாதத்துச் சில இரவுகளில் எட்டு மணியளவில் ஜிபிஎஸ் தடுமாறுகிறது. படகு நின்றபடி நிற்க, திரையில் மட்டும் நகர்கிறது. சூரியப் புயல் என்று கரையில் பேசிக்கொள்கிறார்கள். பூமிக்குக் காந்தமண்டலம் கவசம், சூரியக் காற்று துருவப் பகுதிகளைத்தான் பாதிக்கும் என்று படித்திருக்கிறேன். மத்தியகோட்டுக்குக் கிட்ட இருக்கும் திருகோணமலைக்கு இதில் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் நிறைய இருக்கிறது, தம்பி. துருவத்துக்காரர்களுக்கு அடுத்தபடியாக இதில் அதிகம் அகப்படுவது எங்களைப் போலக் காந்த மத்தியகோட்டின் கீழ் இருப்பவர்கள்தான். ஆனால் மாமாவின் படகில் நடந்தது அநேகமாகப் புயலே இல்லாமல் நடக்கிற காரியம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்குச் சூரியனிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும்.

சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனா பத்து இலட்சம் பாகைக்கு மேல் சூடானது. அவ்வளவு சூட்டில் இருக்கும் வாயுவைச் சூரியனின் ஈர்ப்பால் முழுதாகப் பிடித்துவைக்க முடியாது. புரோத்தன்களும் இலத்திரன்களும், கொஞ்சம் ஈலியம் கருக்களும், எந்நேரமும் எல்லாத் திசையிலும் வழிந்து வெளியேறிக்கொண்டிருக்கின்றன. செக்கனுக்குப் பத்து இலட்சம் தொன் என்ற அளவில் சூரியன் இப்படி இழக்கிறது. பூமியை அடையும்போது வேகம் செக்கனுக்கு 300 முதல் 800 கிலோமீற்றர் வரை, சாதாரண நாளில் 400 அளவில். அந்த வேகத்தில் சூரியனிலிருந்து இங்கே வர நான்கு நாளுக்கு மேல் ஆகும். அடர்த்தியோ மிகவும் குறைவு. ஒரு கன சென்ரிமீற்றரில் ஐந்து துணிக்கைகள் இருந்தால் அதுவே வழக்கமான அளவு.

இப்படி ஒரு காற்று வீசுகிறது என்பதை 1958இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் யூஜின் பார்க்கர் என்ற சிக்காகோ பல்கலைக்கழகத்து இளைஞர். கட்டுரையை மதிப்பிட்ட இரண்டு பேரும் இது சரிவராது என்று எழுதிவிட்டார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர் எங்கள் சுப்பிரமணியன் சந்திரசேகர். பார்க்கரின் முடிவு அவருக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பார்கள். ஆனாலும் கணக்கில் பிழை எதையும் மதிப்பீட்டாளர்கள் காட்டவில்லை என்று பார்த்து, அவர்கள் பேச்சைத் தள்ளிவைத்துக் கட்டுரையை வெளியிட்டார். நாலு ஆண்டுகளில், 1962இல், வெள்ளிக்குப் போன மரினர் 2 விண்கலம் வழி நெடுகவும் இந்தக் காற்றை அளந்துகொண்டே போனது. சந்திரசேகர் என்றால் வெண்குறளி விண்மீன்களின் எல்லைத் திணிவு பற்றி மட்டும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. தனக்கு ஒப்பாத கருத்துக்கும் இடம் கொடுத்த அந்தத் தீர்ப்பும் அதற்குக் குறையாத பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

சரி, காற்று பூமிக்கு வருகிறது. அது கொண்டுவரும் அழுத்தத்தை நீங்களே கணக்கிடலாம்: அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். கன மீற்றருக்கு ஐம்பது இலட்சம் புரோத்தன், வேகம் செக்கனுக்கு நான்கு இலட்சம் மீற்றர் என்று போட்டால் ஒரு நனோபஸ்காலுக்குச் சற்று மேல் வரும். கடல் மட்டத்தில் எங்களை அழுத்தும் காற்று ஒரு இலட்சம் பஸ்கால். அதனோடு பார்த்தால் சூரியக் காற்றின் தள்ளல் நூறு இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு மெலிந்த ஒன்றைத் தடுத்து நிறுத்தப் பூமியின் காந்தப்புலத்துக்கும் பெரிய பலம் தேவையில்லை. மேலே போகப் போகத் தூரத்தின் கனத்துக்கு எதிர்விகிதத்தில் புலம் குறைகிறது. காந்த அழுத்தம் புலத்தின் வர்க்கம் என்பதால் அது தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதம். இரண்டு அழுத்தமும் சமப்படும் இடம், சூரியனைப் பார்த்த பக்கத்தில், பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஆரையைப் போல் பத்து மடங்குத் தொலைவில், ஏறத்தாழ 64,000 கிலோமீற்றரில் விழுகிறது. காந்தமண்டலத்தின் எல்லை அது.

இந்த ஆறாம் அடுக்கைக் கவனித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கும் உதவும். எல்லையைப் பாதித் தூரத்துக்கு உள்ளே தள்ள வேண்டுமென்றால் காற்றின் அழுத்தம் 64 மடங்காக வேண்டும். ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் தொலைக்காட்சிச் செய்மதிகள் இருப்பது 6.6 பூமி ஆரைத் தொலைவில். அப்படிப்பட்ட சுற்றுப்பாதை தொலைத்தொடர்புக்கு உதவும் என்று 1945இல் எழுதிக்காட்டியவர் ஆர்தர் சி. கிளார்க். கோணேசர் கோவிலடிக் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோவிலின் கற்களைக் கண்ட அதே கிளார்க்தான். அந்தப் பாதை வரை எல்லை சுருங்கப் பன்னிரண்டு மடங்கு அழுத்தம் போதும். பெரிய புயல்களில் அதுவும் நடக்கிறது. பகல் பக்கச் செய்மதிகள் சில மணி நேரம் காந்தமண்டலத்துக்கு வெளியே, நேரே சூரியக் காற்றில் நனைந்தபடி சுற்றுகின்றன.

சுவாமி மலையடியில் நீரோட்டம் பாறையில் முட்டி இரண்டாகப் பிரிந்து, பாறைக்குப் பின்னால் நீளமாக ஒரு சுழிப் பாதையை விட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காந்தமண்டலத்தின் வடிவத்துக்கு அதை மனதில் வைத்துக்கொள்ளலாம். முன்னால் ஒரு அதிர்ச்சி அலை, பக்கங்களில் வழுக்கிப் போகும் பாய்ச்சல், பின்னால் நிலவின் பாதையையும் தாண்டி நீளும் வால். இந்த உவமை இவ்வளவுக்குத்தான் ஆகும். பாறைக்குள் தண்ணீர் புகாது. காந்தமண்டலத்துக்குள் புகும், அதுவும் காற்று பலமாக வீசினால் மட்டும் என்றில்லை.

'கவசம்' என்ற பாடம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சூரியக் காற்று சூரியனின் காந்தப்புலத்தையும் கூடவே இழுத்து வருகிறது. பூமிக்கு அருகில் அது ஐந்து நனோதெஸ்லா அளவு, திருகோணமலையில் நிலத்தில் உள்ள புலமோ 40,000 நனோதெஸ்லா. இந்தச் சின்னப் புலம் எந்தப் பக்கம் பார்த்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூமியின் புலம் எல்லையில் வடக்கு நோக்கி இருக்கிறது. வரும் புலமும் வடக்கு நோக்கியே இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, பலமான காற்றும் பெரும்பாலும் பக்கத்தால் போய்விடும். தெற்கு நோக்கியிருந்தால் எதிரெதிரான இரண்டு புலக்கோடுகளும் எல்லையில் அறுந்து, ஒன்றோடொன்று மாறி இணைந்துகொள்ளும். காந்த மீளிணைப்பு என்பது இதைத்தான். பூமியில் ஒரு முனையும் சூரியக் காற்றில் மறு முனையுமாக இருக்கும் கோடுகள் பிறக்கின்றன. காற்று அவற்றைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய் வாலில் சேர்க்கிறது. வாலில் அளவுக்கு மேல் சேர்ந்ததும் அங்கேயும் ஒரு மீளிணைப்பு நடந்து, சேர்ந்த சக்தி பூமியை நோக்கித் திரும்பிப் பாய்கிறது. 1961இல் ஜேம்ஸ் டங்கி இந்தச் சுழற்சியைச் சொன்னார். 2015இல் ஏவிய நான்கு எம்எம்எஸ் விண்கலங்கள் மீளிணைப்பு நடக்கும் இடத்துக்குள்ளேயே புகுந்து அளந்தன.

இதனால் இன்னொரு தவறான எண்ணமும் போகிறது. சூரியத் துணிக்கைகள் நேரே துருவங்களில் இறங்கி வானொளியாக மின்னுகின்றன என்று எங்கும் எழுதியிருக்கும். வானொளியின் பெரும் பகுதிக்கு வேலை செய்வது இரவுப் பக்கத்து வாலிலிருந்து முடுக்கப்பட்டு வரும் இலத்திரன்கள். அவை 100 கிலோமீற்றருக்குச் சற்று மேலே ஒட்சிசன் அணுவை மோதினால் பச்சை, 200 கிலோமீற்றருக்கு மேலே மோதினால் சிவப்பு. சிவப்பு உயரத்தில் இருப்பதால் தொலைவிலிருந்தும் தெரியும். 2024 மே மாதப் புயலின்போது லடாக்கில் உள்ள ஹான்லே வானாய்வகத்திலிருந்து சிவப்பு ஒளி பதிவாகியது அப்படித்தான். 1872 மாசிப் புயலில் பம்பாயிலிருந்துகூடப் பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறது. திருகோணமலைக்கு அந்தக் காட்சி கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். உப்புவெளிக் கடற்கரையில் எடுத்த வானொளிப் படம் என்று யாராவது அனுப்பினால் சிரித்துவிட்டு அழித்துவிடுங்கள். சூரியப் புயலால் தலைவலி வருகிறது, கைத்தொலைபேசியைத் தலைமாட்டில் வைக்காதீர்கள் என்று வரும் வாட்ஸ்அப் செய்திக்கும் அதே மரியாதைதான்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். வாலிலிருந்து திரும்பிப் பாயும் துணிக்கைகளில் ஒரு பங்கு பூமியைச் சுற்றி வளையமாக ஓடத் தொடங்குகிறது: நேர் அயன்கள் மேற்கே, இலத்திரன்கள் கிழக்கே. இரண்டும் சேர்ந்தால் மேற்கு நோக்கிய ஒரு மின்னோட்டம். இந்த வளைய மின்னோட்டம் காந்த மத்தியகோட்டுத் தளத்தில், அதாவது எங்கள் தலைக்கு நேரே மேலே, சில பூமி ஆரைத் தொலைவில் ஓடுகிறது. வலக்கை விதியைப் போட்டுப் பாருங்கள்: அது நிலத்தில் உண்டாக்கும் புலம் தெற்கு நோக்கி வரும், ஆகவே பூமியின் வடக்கு நோக்கிய புலம் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவை வைத்துத்தான் உலகம் முழுவதும் புயலின் பலத்தைச் சொல்கிறார்கள். 1989 மார்ச்சில் 589 நனோதெஸ்லா குறைந்தது. கனடாவின் கியூபெக் மாகாணமே ஒன்பது மணி நேரம் இருளில் கிடந்தது. 2024 மே புயலில் 400 அளவில். 1859 செப்டெம்பரில் பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் பதிவான வீழ்ச்சி சுமார் 1,600. கரிங்டன் புயல் என்று பெயர் பெற்ற அந்த நிகழ்வின் அளவு பற்றி எங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த சாட்சி, ஐரோப்பாவில் இல்லை, மும்பையில் இருக்கும் அந்தத் தாள்தான்.

மேல் வளிமண்டலத்தைப் புயல் சூடாக்குவதையும் சொல்லிவிடுகிறேன். துருவப் பகுதியில் 100 முதல் 200 கிலோமீற்றர் உயரத்தில் பலத்த மின்னோட்டங்கள் ஓடி, கம்பியைச் சூடாக்குவது போலவே அந்த மெல்லிய காற்றைச் சூடாக்குகின்றன. சூடானது வீங்கி மேலே எழும்புகிறது. முன்பு காற்றே இல்லை என்று சொல்லத்தக்க உயரத்திலும் செய்மதிகளுக்கு உராய்வு கூடுகிறது. 2022 பெப்ரவரியில் ஸ்டார்லிங்க் 49 செய்மதிகளை 210 கிலோமீற்றர் உயரப் பாதையில் விட்டது. அன்றிருந்தது ஒரு நடுத்தரப் புயல். உராய்வு ஐம்பது சதவீதம் வரை கூடியது. 40 வரையான செய்மதிகள் மேலே ஏற முடியாமல் விழுந்து எரிந்தன.

திருகோணமலைக்கு இதில் ஏன் தனி இடம்? நிலப்படத்தில் இருக்கும் மத்தியகோடு எங்களுக்குத் தெற்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஆனால் காந்த மத்தியகோடு, அதாவது பூமியின் புலம் நிலத்துக்குக் கிடையாக இருக்கும் கோடு, இந்தியப் பெருங்கடலின் இந்தப் பகுதியில் வடக்கே வளைந்து தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. பாடசாலை ஆய்வுகூடத்தில் சாய்வு ஊசி இருந்தால் எடுத்துப் பாருங்கள். லண்டனில் அதே ஊசி மூக்கைக் குத்திக்கொண்டு 66 பாகை சாய்ந்து கீழே பார்க்கும். இங்கே ஏறத்தாழ மேசைக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கும். ஐரோப்பாவில் விற்கும் திசைகாட்டிகளில் ஊசியைச் சமன்செய்ய ஒரு முனையில் சின்னப் பாரம் வைத்திருப்பார்கள். அதைக் கொண்டுவந்து இங்கே பிடித்தால் ஊசி சாய்ந்து கண்ணாடியில் உரசும். விக்ரம் சாராபாய் 1963இல் இந்தியாவின் முதல் விண் ஆய்வு ரொக்கற்றை ஏவக் கேரளக் கரையிலுள்ள தும்பாவைத் தேர்ந்தது இந்தக் கோட்டுக்காகத்தான். திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் அதே காரணத்துக்கு.

புலம் கிடையாக இருப்பதால் மேலே விசித்திரமான காரியங்கள் நடக்கின்றன. பகலில் சுமார் 105 கிலோமீற்றர் உயரத்தில் அயன்மண்டலத்தில், அதாவது சூரிய ஒளி காற்றை அயன்களாக்கி வைத்திருக்கும் மேல் வளிமண்டலத்தில், கிழக்கு நோக்கிய ஒரு மின்புலம் இருக்கிறது. வேறு இடங்களில் அது சாதாரணமான மின்னோட்டத்தைத் தரும். இங்கே மின்னேற்றங்கள் மேலும் கீழும் தேங்கிப்போய், அந்தத் தேக்கமே இன்னொரு மின்புலமாகி, கிழக்கு நோக்கிய ஓட்டத்தைப் பல மடங்காக்கிவிடுகிறது. காந்த மத்தியகோட்டுக்கு இரு பக்கமும் மூன்று பாகை அகலத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்னாறு தினமும் ஓடுகிறது. காலையில் தொடங்கி நடுப்பகலை ஒட்டி உச்சத்துக்கு வந்து மாலையில் அடங்கும். எங்கள் நிலத்தில் காந்தப்புலத்தை அது நாள்தோறும் ஐம்பது முதல் நூறு நனோதெஸ்லா வரை கூட்டிக் குறைக்கிறது. புயலின் பலத்தை அளக்கும் நிலையங்களை வேண்டுமென்றே இந்தக் கோட்டிலிருந்து தள்ளி, ஹொனலுலு, சான் ஹுவான், ஹெர்மானஸ், கக்கியோக்கா என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் மின்னாற்றின் சலசலப்பு அவர்கள் கணக்கைக் குழப்பிவிடும்.

சூரியக் காற்றின் கை இந்த மின்னாற்றைத் தொடும் விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. அங்கே விண்வெளியில், காற்றோடு வரும் புலம் வடக்கிலிருந்து தெற்குக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தமண்டலத்துக்குக் குறுக்கே ஒரு மின்புலம் உருவாகி, துருவ அயன்மண்டலத்தில் இறங்கி, சில நிமிடங்களுக்குள் மத்தியகோடு வரை வந்துவிடுகிறது. நாட்கணக்கு வேண்டாம், மணிக்கணக்கும் வேண்டாம். பகலாக இருந்தால் அது எங்கள் கிழக்கு நோக்கிய புலத்தோடு சேர்ந்து மின்னாற்றைப் பெருக்கும். அயன்மண்டலத்தின் மேல் அடுக்கையே தூக்கி இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோகும். தூக்கப்பட்ட பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, காந்தக் கோடுகள் வழியே வடக்கும் தெற்குமாக வழிந்து, இங்கிருந்து பதினைந்து பாகை தள்ளி, வடக்கே நடு இந்தியாவின் மேலே குவிகிறது. சாதாரண நாளிலும் நடக்கும் இந்த ஊற்று, புயல் நாளில் பொங்கும்.

அப்புறம் எதிர்மாறான ஒன்று வரும். துருவத்தில் சூடான காற்று மத்தியகோட்டை நோக்கி ஓடி வர பல மணி நேரம் ஆகும். அது வந்து சேரும்போது அயன்மண்டலத்தின் காற்றோட்டத்தையே மாற்றி, முதலில் வந்ததற்கு நேர் எதிரான மின்புலத்தைத் தந்து, பகலில் மின்னாற்றை அடக்கும், சில சமயம் திருப்பியே விடும். ஒரே புயலின் முதல் கை கூட்டுகிறது, இரண்டாம் கை குறைக்கிறது. இந்த இரண்டும் எங்கள் ஊர் நேரத்தில் எப்போது வந்து விழுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் இங்கே விளைவு. 2024 மே புயலின் முதல் அடி எங்களுக்கு வெள்ளி இரவு 10.35க்கு விழுந்தது, உச்சம் மறுநாள் காலை எட்டு மணியளவில். அமெரிக்கக் கரையில் அப்போது முன்னிரவு. ஒரே புயல் அவர்களுக்கு ஒரு கதை, எங்களுக்கு வேறு கதை.

இனி மாமாவின் படகு. சூரியன் மறைந்ததும் அயன்மண்டலத்தின் கீழ் அடுக்கு சூரிய ஒளி இல்லாமல் விரைவில் கரைந்துவிடும். மேல் அடுக்கோ 300, 400 கிலோமீற்றரில் அடர்த்தியாக நிற்கும். மறையும் வேளையில் மின்புலம் ஒருமுறை கூடி அதை இன்னும் மேலே தூக்கும். மேலே கனமானது, கீழே லேசானது. அது நிலைக்காது. கீழிருந்து லேசான குமிழிகள் பிய்ந்து மேலே ஏறத் தொடங்கும், அவற்றில் சில ஓராயிரம் கிலோமீற்றர் உயரத்தையும் தாண்டும். காந்தக் கோடுகள் வழியே வடக்குத் தெற்காக நீண்டு, மெதுவாகக் கிழக்கே நகரும். பிளாஸ்மாக் குமிழிகள் என்று இவற்றுக்குப் பெயர். இவற்றின் உள்ளே சில நூறு மீற்றர் அளவில் கூடிய அடர்த்தியும் குறைந்த அடர்த்தியும் கலந்து கிடக்கும். 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சைகை இதைக் கடக்கும்போது நட்சத்திரம் மினுங்குவதைப் போல மினுங்கத் தொடங்கும்.

படகின் திரையில் இது எப்படித் தெரியும் என்றால், செய்மதிகளின் சைகைப் பலத்தைக் காட்டும் பட்டைகள் வரும் பக்கத்தைத் திறந்துவையுங்கள். நல்ல நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பட்டைகள் அசையாமல் நிற்கும். குமிழி வந்தால் அதில் ஒரு பட்டை மட்டும் குட்டையாகி, நிமிர்ந்து, மறுபடி குட்டையாகும். ஒரு சில செக்கனுக்குள்ளேயே இது நடக்கும். பிறகு அது மறைந்துபோகும், கருவி அந்தச் செய்மதியைத் தொலைத்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்துப் பட்டை ஆடத் தொடங்கும். மிச்சம் இருப்பவை வானத்தின் ஒரே பக்கத்தில் இருந்தால் இடக் கணக்கு சில பத்து மீற்றர் தள்ளி விழும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். நின்ற படகு நடப்பது இதனால்தான். திரை முழுக்க ஒரே நேரத்தில் வெறுமையானால் அது வேறு நோய். அன்டெனாவின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள், பச்சை படிந்திருக்கும். கடலில் ஜிபிஎஸ் கெட்டதற்குச் சூரியனைக் குற்றம் சொல்வதற்கு முன் உப்பைச் சந்தேகிப்பது நல்லது.

பங்குனி சித்திரையிலும் புரட்டாதி ஐப்பசியிலும் இது கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தீர்க்கரேகையில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டு பாகை அளவு வித்தியாசம். சம இராப்பகல் வரும் மாதங்களில் சூரியன் மறையும் கோடும் வடக்குத் தெற்காக இருக்கும். ஆகவே ஒரு காந்தக் கோட்டின் வட முனையும் தென் முனையும் ஒரே நேரத்தில் இருளுக்குள் போகின்றன, மின்புலத்தின் அந்தக் கடைசித் தூக்கல் பலமாகிறது. அதோடு 2024, 2025 ஆண்டுகள், ஏறத்தாழப் பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை வரும் சூரியச் சுற்றின் உச்சம். கடும் புற ஊதா ஒளி கூடி அயன்மண்டலமே தடித்திருந்த காலம். கவனியுங்கள், இதுவரை சொன்னதில் சூரியக் காற்று வரவே இல்லை. குமிழியைச் சமைப்பது சூரியனின் ஒளியும் பூமியின் காந்தப்புலமும். காற்றின் புலம் சரியாக மாலை வேளையில் தெற்கே திரும்பினால் அந்தத் தூக்கலைக் கூட்டிக் குமிழியைப் பெருக்கும். புயலின் இரண்டாம் கை அந்த மாலையில் வந்தால் குமிழியே உருவாகாமல் தடுத்துவிடும், அல்லது நள்ளிரவுக்குப் பிறகு எழுப்பும். புயல் அடித்த மறுநாள் மாலை ஜிபிஎஸ் வழக்கத்தை விட நன்றாக வேலை செய்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

படகிலுள்ள நீண்டதூர ரேடியோவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பட்டப்பகலில் திடீரென்று இரைச்சலும் இல்லாமல் குரலும் இல்லாமல் அரை மணி, ஒரு மணி நேரம் செத்துப்போனால், அது சூரியப் பிழம்பின் எக்ஸ் கதிர் கீழ் அயன்மண்டலத்தைத் தடிக்கச் செய்ததன் விளைவு. ஒளியின் வேகத்தில், எட்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஜெர்மன் வானொலி திருகோணமலையில் சிற்றலை அஞ்சல் நிலையம் நடத்திய காலத்தில் வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் திடீர் மௌனம் புதிதில்லை. சூரியக் காற்றுப் புயல் அப்படி இல்லை, வர ஒன்றிலிருந்து நான்கு நாள் எடுக்கும். ஆனாலும் புலம் தெற்கா வடக்கா என்பதை அது 15 இலட்சம் கிலோமீற்றர் கிட்ட வந்த பிறகுதான் அளக்க முடியும். அந்த இடத்தில் 2024 ஜனவரியிலிருந்து இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் நிற்கிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அங்கிருந்து இங்கே வர, சாதாரணக் காற்றுக்கு ஒரு மணி நேரம், வேகமான புயலுக்கு அரை மணிக்கும் குறைவு. எச்சரிக்கைக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

மாமாவிடம் சொல்லுங்கள்: இந்த மாதங்களில் இரவு ஏழரையிலிருந்து நள்ளிரவு வரை துறைமுக வாயிலிலோ பாறைப் பக்கமோ நுழைவதென்றால் திரையை மட்டும் நம்பக் கூடாது, வெளிச்சவீட்டையும் திசைகாட்டியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஊசிக்குப் பயமில்லை. பெரிய புயலும் எங்கள் புலத்தில் சில சதவீதம்தான் அசைக்கும். புதுக் கருவி வாங்குகிற எண்ணம் இருந்தால் இரண்டு அலைவரிசையில் வேலை செய்வதை, ஜிபிஎஸ்ஸோடு ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செய்மதிகளையும் பிடிப்பதை வாங்கச் சொல்லுங்கள். ஒற்றை அலைவரிசைக் கருவி, அயன்மண்டலம் உண்டாக்கும் தாமதத்தைச் செய்மதி அனுப்பும் ஒரு பொதுச் சூத்திரத்தால்தான் திருத்துகிறது. அது ஏறத்தாழப் பாதிப் பிழையைத்தான் போக்கும். இரண்டு அலைவரிசை இருந்தால் தாமதத்தைத் தானே அளந்து கழித்துவிடும். மினுக்கத்துக்கு அதுவும் முழு மருந்தில்லை, ஆனால் வானத்தில் செய்மதி கூட இருந்தால் தொலைந்தது போக மிச்சம் இருக்கும்.

நீங்கள் செய்முறைக்கு ஏதாவது தேடினால் படகு தேவையில்லை. செய்மதிகளின் வான்படத்தையும் சைகைப் பலத்தையும் காட்டும் இலவசச் செயலிகள் ஆன்ட்ரொய்ட் தொலைபேசியில் உண்டு. புரட்டாதியில் ஒரு மாலை, கட்டடமும் மரமும் மறைக்காத வெளிக்குப் போங்கள். நிலாவெளிக் கடற்கரை போதும். தொலைபேசியை மணலில் படுக்க வைத்து, கையில் எடுக்காமல், ஏழு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எந்தச் செய்மதி ஆடுகிறது, அது வானத்தில் எந்தத் திசையில் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மழை மேகம் இந்த அலைவரிசையை ஒன்றும் செய்யாது. குமிழி செக்கனுக்கு நூறு மீற்றர் அளவில் கிழக்கே நகர்வதால் மேற்கு வானத்துச் செய்மதிகள் முதலில் ஆட வேண்டும், பிறகு தலைக்கு மேலே நிற்பவை, பிறகு கிழக்கே. உங்கள் குறிப்பில் அந்த வரிசை வந்தால் அது குமிழிதான். சூரியச் சுற்று உச்சத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு குமிழிகள் குறையும். ஆகவே செய்வதை அதிகம் தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.